இரண்டு கேப், மூன்றாவது தண்ணீர்

ஐரோலிக்குப் பின்னால் மலையடிவாரத்தில் இருக்கும் கல்குவாரிக்கு வேன் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. எல்லோரும் இறங்கியதும் காலை நாஷ்டா எங்கே என்று தேடினார்கள். முத்துமாரி பாறையைத் தேடினாள். துப்பாக்கி எந்தப் பக்கம் பார்த்து நிற்கப் போகிறது, அந்தப் பக்கம் மனுசன் எவனாவது ஒதுங்குவானா என்று பார்ப்பதுதான் அவளுக்கு முதல் வேலை. அறுபதடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய பாறை. அதற்குப் பின்னால் மலை. இதைவிட நல்ல இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று நினைத்தபோது அவளுக்கு மனசு நிறைந்தது. அப்புறம்தான் வடாபாவ் ஞாபகம் வந்தது.

குர்லாவில் நஜிமுதீன் வைத்திருக்கும் கோடவுனில் அவளுக்கு இது பதினான்காவது வருஷம். சினிமாவுக்கும் டிவி சீரியலுக்கும் வாள், கேடயம், துப்பாக்கி வாடகைக்கு விடுகிற தொழில். முக்கால்வாசி மரமும் ஃபைபரும்தான். ஆறு துப்பாக்கிகள் மட்டும் நிஜம். பழைய காலத்து மாதிரி, குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, காகிதத்தைத் திணித்து, கம்பியால் கெட்டிக்கிற துப்பாக்கிகள். குண்டு கிடையாது. படத்துக்குப் புகையும் சத்தமும் போதும். ஆனால் அந்தக் காகிதமும் நெருப்புமே ஒரு முகத்தை நாசம் பண்ணப் போதும் என்பது முத்துமாரிக்குத் தெரியும். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் மீசையைத் தடவுகிற நடிகர்களுக்குத்தான் தெரியாது.

இத்தனை தெரிந்தும் லைசென்ஸில் அவள் பெயர் இல்லை. அவளுக்கு ஆறு வருஷம் கழித்து வந்த நாகராஜின் பெயர் இருந்தது. நஜிமுதீனின் வாப்பா இருந்தபோது அப்படி எழுதியது. பொம்பளை பெயரைப் போட்டால் போலீஸ் ஸ்டேஷனில் நூறு கேள்வி கேட்பான் என்று பெரியவர் அந்தப் பேச்சை அங்கேயே மூடிவிட்டார். அதனால் நாகராஜ் துப்பாக்கிக்குப் பொறுப்பான ஆர்மரர், முத்துமாரி ஹெல்பர். ஆர்மரருக்கு மருந்து அளக்கச் சொல்லிக் கொடுத்ததே ஹெல்பர்தான் என்பது கோடவுனில் பூனைக்குக்கூடத் தெரியும்.

இப்போது தொழில் மகன் நஜிமுதீன் கையில். அவளைவிட ஏழு வயது சின்னவன். முழங்கால் ஆபரேஷன் செய்து கட்டிலில் கிடக்கிறான். ஒரே நாளில் இரண்டு ஷூட்டிங் வந்துவிட்டது. நாகராஜ் இரண்டு துப்பாக்கியோடு செம்பூர் ஸ்டூடியோவுக்குப் போனான். ஐரோலிக்கு, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நாளுக்கு மட்டும் அனுமதிக் கடிதம் வாங்கி, முத்துமாரியை அனுப்பினான் நஜிமுதீன். முந்தின நாள் போனில் சொன்னான்: "அக்கா, நாளைக்கு நீங்கதான் பொறுப்பு. வேலை சுத்தமா முடிஞ்சிதுன்னா சாயங்காலமே லைசென்ஸ் ஃபாரத்துல ஒங்க பேர எழுதிருதேன். இதக் காட்டித்தான் நான் போலீஸ்காரன்கிட்ட பேசணும்." அதற்குப் பிறகு அவள் ராத்திரி சரியாகத் தூங்கினாளா என்று கேட்கவே வேண்டாம்.

கதாநாயகன் பைசானுக்குப் புரட்சிக்காரன் வேஷம். பாறைச் சுவருக்கு எதிரே கிடக்கும் ஒரு பாறாங்கல்மேல் ஏறி நின்று வெள்ளைக்காரப் படையைப் பார்த்து ஒரே ஒரு வெடி வெடிக்க வேண்டும். குவாரித் தரையில் வெயில் விழுவது ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரைதான். அதற்குப் பிறகு மலை நிழல் மூடிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் எண்பது பேர் விடியற்காலையில் எழுந்து வந்திருந்தார்கள்.

கெட்டிப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. கேப் என்பது மிளகைவிடக் கொஞ்சம் பெரிய செப்புத் தொப்பி. குழாயின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் காம்பின்மேல் அதை மாட்டுவார்கள். சுத்தி விழுந்து கேப் வெடித்தால், பொறி காம்பின் ஊசித் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். ஆகவே மருந்து போடாமல் வெறும் கேப்பை முதலில் அடித்துப் பார்ப்பாள். குழாய் வாய்க்கு முன்னால் புல் அசைந்தால் துளை சுத்தம். பதினான்கு வருஷத்தில் ஒரு நாளும் அவள் இதை விட்டதில்லை.

அன்று கேப்பை எடுக்கும்போது உதவி டைரக்டர் ஆதித்யன் ஓடி வந்தான். மாட்டுங்காத் தமிழ்ப் பையன், முப்பது வயதிருக்கும். வீட்டில் தமிழ் பேசுவான், மற்றதெல்லாம் ஹிந்தியும் இங்கிலீஷும்.

"அக்கா, ப்ளீஸ், சத்தம் வேண்டாம். அங்க ஹீரோயின் சீன் போயிண்டிருக்கு, லைவ் சவுண்ட். ஒரு டிக் கேட்டாலும் சர் என்னைக் கொன்னுடுவார்."

"ஒரே ஒரு கேப்புதான் தம்பி."

"அக்கா, லைட் போயிடும் அக்கா."

அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. முந்தின வாரம்தான் எல்லாத் துப்பாக்கியையும் கழுவி எண்ணெய் போட்டிருக்கிறோமே என்று முத்துமாரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மருந்தை அளந்து போட்டாள், காகிதத்தைக் கெட்டித்தாள், கம்பியை உருவித் தனியே வைத்தாள். கூட வந்த வேல்ராஜ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். அவனும் தாராவிக்காரன், அவள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவன்.

"யக்கா, கேப் அடிக்கலியா?"

"பேசாம இருல" என்றாள்.

ஒன்பதேகாலுக்கு பைசான் அந்தப் பாறாங்கல்மேல் ஏறினான். கேப் மாட்டித் துப்பாக்கியை அவன் கையில் கொடுத்துவிட்டு முத்துமாரி அவனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். டைரக்டர் ஆக்‌ஷன் என்றார். பைசான் பல்லைக் கடித்துக்கொண்டு விசையை இழுத்தான்.

டிக்.

அவ்வளவுதான். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. பைசான் நல்ல பையன், ஆனால் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். என்ன ஆச்சு என்று பார்க்கத் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பப் போனான்.

"ஆட்டாதல மூதேவி!"

குவாரியே அதிர்ந்தது. பதற்றத்தில் முத்துமாரிக்கு ஹிந்தி ஒரு எழுத்து வரவில்லை. லட்சக்கணக்கில் ரசிகர்கள் உள்ள பைசானுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் பக்கவாட்டில் ஏறிப் போய், குழாய் பாறைச் சுவரைப் பார்த்தபடியே இருக்கத் துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இப்போது ஹிந்தி வந்தது. இறங்கிப் போங்க சாப், ஒண்ணும் இல்ல என்றாள்.

டிக் என்று விட்ட துப்பாக்கி செத்துப்போனதாக நினைப்பதுதான் தப்பு. பொறி உள்ளே எங்கேயாவது கனன்றுகொண்டிருக்கலாம். சில நேரம் அது யோசித்து யோசித்து வெடிக்கும். அதனால் இந்தக் கோடவுனில் ஒரு சட்டம்: இரண்டு கேப், மூன்றாவது தண்ணீர். விட்டுப்போனால் அசையாமல் இரண்டு நிமிஷம். பிறகு புது கேப். அதுவும் விட்டுப்போனால் இன்னும் இரண்டு நிமிஷம். அதற்கு மேல் கேப் கிடையாது. மருந்தைத் தண்ணீரில் ஊற வைத்து வெளியே எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு துப்பாக்கி காய்ந்து வேலைக்கு வர மத்தியானம் ஆகிவிடும். நிஜத் துப்பாக்கி இன்று அது ஒன்றுதான். மற்ற மூன்றும் பாலிஷ் போட குர்லாவில் கழற்றிக் கிடந்தன.

இரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று எண்பது பேர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். வேல்ராஜ் போனைப் பார்த்து நேரம் சொன்னான். டைரக்டர் குடைக்குக் கீழே எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நேரமானதும் முத்துமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய கேப்பை எடுத்தாள். அது வெடித்துத்தான் இருந்தது. அப்படியானால் பொறி உள்ளே போகவில்லை. புது கேப் மாட்டி, ஆளை எல்லாம் விலக்கி, பாறையைப் பார்த்துத் தானே விசையை இழுத்தாள்.

டிக்.

மறுபடியும் இரண்டு நிமிஷம். மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து, ஒரு ஊசியை வைத்து அந்தத் துளையைக் குத்திவிட்டு இன்னொரு தடவை அடித்துப் பார்க்கக் கூடாதா, இதற்கு இவ்வளவு நாடகமா என்று ஹிந்தியில் கேட்டான்.

"உள்ள மருந்து இருக்கையில குத்த மாட்டேன் சாப். இனிமே தண்ணிதான்."

"இன்றைய ஷாட் போய்விடும்."

"போவட்டும்" என்றாள். சாயங்காலம் எழுதப் போகிற ஃபாரம் ஷாட்டோடு சேர்ந்து போகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

துப்பாக்கியை மணல் மூட்டைகளுக்கு நடுவே நிமிர்த்தி நிறுத்தினாள். குழாய் வாய்க்கு நேரே கையோ முகமோ வராதபடி தள்ளி நின்று, நீளமான பிளாஸ்டிக் டியூபால் தண்ணீர் விட்டாள். மேலே விட்டால் கீழே காம்பின் துளை வழியாகக் கறுப்பாகச் சொட்ட வேண்டும். ஒரு சொட்டுகூட வரவில்லை. கால் மணி நேரம் ஊறவிட்டாள். ஊறிய காகிதத்தையும் கூழாகிப் போன மருந்தையும் கம்பியால் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, காம்பைத் திருகிக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். துளை மஞ்சளாக அடைந்திருந்தது. முகர்ந்தாள். மருந்து நாற்றத்துக்கு நடுவே பழக்கப்பட்ட ஒரு வாசனை.

சந்தனம்.

முந்தாநாள் ஆயுதபூஜை. நஜிமுதீன் வீட்டில் இதெல்லாம் வழக்கமில்லை என்றாலும் வருஷா வருஷம் பொரியும் கடலையும் அவன்தான் வாங்கித் தருவான். பொட்டு வைப்பது முத்துமாரி. எந்தக் கருவிக்கும் அது வேலை செய்கிற இடத்தில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. தையல் மிஷினுக்கு ஊசி, அரிவாளுக்கு விளிம்பு, துப்பாக்கிக்குக் காம்பு. மோதிர விரலால் நன்றாக அழுத்தித்தான் வைத்தாள். பொட்டு உதிரக் கூடாது பாருங்கள். நேற்றுக் காலையில் துணியால் துடைத்தபோது வெளியே இருந்தது வந்துவிட்டது. உள்ளே போனது காய்ந்து சிமெண்டாகிவிட்டது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள், சாமி பெயரைச் சொல்லித் தானே துளையை அடைத்திருக்கிறாள். புல் அசைகிறதா என்று பார்க்கிற வேலையையும் அன்றைக்கென்று விட்டிருக்கிறாள்.

வேல்ராஜ் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான். "யக்கா, இத யாருட்டயும் சொல்லாண்டாம். மழ இப்பத்தான் விட்டிருக்கு. மருந்து நமத்துப் போச்சுன்னு சொல்லிருவோம். யாரு கண்டா?"

யாரும் காணப்போவதில்லைதான். மருந்து நமத்தால் யார் மீதும் குற்றம் இல்லை. ஃபாரத்துக்கும் பங்கம் இல்லை. காம்பை முந்தானையில் துடைத்துவிட்டால் முடிந்தது. பொய் சொல்ல முத்துமாரிக்கு அந்த நிமிஷம் ஆசையாகவே இருந்தது. அதை மறைப்பானேன். பதினான்கு வருஷ ஆசை, கையெட்டும் தூரத்தில் இருந்தது.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் நாகராஜ் ஞாபகம் வந்தது. பொட்டு வைத்தது ஒன்றுக்கு மட்டுமா? ஆறுக்கும்தான். அதில் இரண்டு இப்போது செம்பூரில்.

"ஏல, போன எடு!"

நாகராஜ் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. அதற்குள் டைரக்டரும் மேனேஜரும் பக்கத்தில் வந்து, என்னதான் கோளாறு என்று கேட்டார்கள். முத்துமாரி காதிலிருந்து போனை எடுக்காமலே ஹிந்தியில் சொன்னாள். பூஜையில் நான் வைத்த சந்தனம் துளையை அடைத்துவிட்டது, கெட்டிக்கும் முன்னால் நான் சோதிக்கவில்லை, தப்பு என்னுடையது, இதே மாதிரி இன்னும் இரண்டு துப்பாக்கி வேறு இடத்தில் இருக்கிறது, தயவுசெய்து கொஞ்சம் பேசாமல் இருங்கள். கடைசி வரியை அவள் சொன்ன விதத்தில் டைரக்டர் நிஜமாகவே பேசாமல் இருந்துவிட்டார். சோதிக்க விடாதது தான் என்று சொல்ல ஆதித்யன் வாயெடுத்தான். அவனையும் கை காட்டி நிறுத்தினாள்.

மூன்றாவது தடவை நாகராஜ் எடுத்தான். "யக்கா, பொறவு பேசுதேன். இங்க ஒரு துப்பாக்கி மக்கர் பண்ணுது."

"டிக்குன்னு விட்டுட்டா?"

"ஆமா, இப்பத்தான். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாகராஜு, அது இப்ப எங்க இருக்கு?"

"மடியில வச்சிருக்கேன். குழாய்க்குள்ள டார்ச் அடிச்சு என்னன்னு பாக்கத்தான்..."

"பாக்காத!" அதற்குமேல் கத்தக் கூடாது, கத்தினால் அவன் துப்பாக்கியைத் திருப்பிவிடுவான் என்று தோன்றியது. குரலை இறக்கினாள். "தம்பி, நான் சொல்லுதத மட்டும் செய்யி. போன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வையி. வாய் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"மேக்கப் ரூம் கதவு."

"பக்கத்துல மணல் மூட்ட இருக்கா?"

"இருக்கு, எடப் பக்கம்."

"எல்லாரையும் ஒனக்குப் பின்னால போகச் சொல்லு. குழாயத் தரையப் பாத்துத் தாழ்த்தி, மெள்ள மூட்டப் பக்கம் திருப்பு. ஆளு யாரும் குறுக்க வரக் கூடாது. மூஞ்சிய அந்தப் பக்கம் வச்சுக்கோ. கேப்பத் தொடாத. திருப்பிட்டியா?"

"திருப்பிட்டேன். யக்கா, என்ன விசயம்? எல்லாரும் வெயிட் பண்ணுதாவ..."

"பண்ணட்டும். அப்படியே இரி. நான் லைன்லயே இருக்கேன்."

போனில் செம்பூர் ஸ்டூடியோவின் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. நாகராஜ் மூச்சு விடுவது கேட்டது. முத்துமாரி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது எண்ணியிருப்பாள்.

போன் வெடித்துவிட்டது போல ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. யாரோ தூரத்தில் மராத்தியில் கத்தினார்கள். "நாகராஜு" என்றாள் முத்துமாரி. "ஏ நாகராஜு. ஏல, பேசு." வேல்ராஜ் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"யக்கா." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மூட்ட கிழிஞ்சு மண்ணு கொட்டுது. எனக்கு ஒண்ணும் இல்ல. யாருக்கும் ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் இருமினான். "யக்கா, நான் அதுக்குள்ள கண்ண வைக்கப் போனேன்."

"தெரியும். இன்னொரு துப்பாக்கியத் தொடாத. பொட்டிய மூடி பூட்டிட்டு ஒரு டீயக் குடி. பொறவு சொல்லுதேன்."

அவள் மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சந்தனம் என்பது பாதி மரத்தூள்தானே. அவள் துப்பாக்கியில் துளையை அடைத்துக்கொண்டது, நாகராஜ் துப்பாக்கியில் ஊதுபத்தி மாதிரி மெதுவாகக் கனன்று உள்ளே போயிருக்கிறது. பைசான் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். அவனுக்கு இப்போதுதான் தன் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தாடையைத் தடவிக்கொண்டே நின்றான். அந்த அம்மா அப்போது என்ன சொல்லிக் கத்தினாள் என்று ஆதித்யனிடம் கேட்டான்.

ஆதித்யன் எச்சில் விழுங்கினான். "அசையாமல் நில்லுங்கள் என்று சொன்னார், சர்."

வேல்ராஜ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். ஷாட்டை நாளைக்கு எடுப்போம் என்று டைரக்டர் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் மேனேஜர் வேறு ஆளை அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டபோது, முட்டாள்தனமாகப் பேசாதே என்று அவனைத்தான் கடித்தார்.

முத்துமாரி நஜிமுதீனுக்கு போன் போட்டாள். பொட்டு வைத்தது முதல் மூட்டை கிழிந்தது வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். கேப் அடிக்காமல் விட்டதை இரண்டு தடவை சொன்னாள். ஷாட் போனதையும், மருந்து நமத்ததாகப் பொய் சொல்ல நினைத்ததையும் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான், முழங்கால் தலையணைமேல் இருக்கும். அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டாமென்று இருந்தது.

"நாகராஜுக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றான் கடைசியில்.

"இல்ல தம்பி. அவன்ட்ட பேசிட்டேன்."

"அல்லா காப்பாத்துனான்." ஏதோ காகிதம் சரசரத்தது. "அக்கா, ஒங்க அப்பா பேரு என்ன?"

"எதுக்கு தம்பி?"

"ஃபாரத்துல கேட்டிருக்கான். ஒங்க பேருக்கு அடுத்த கட்டம்."

அவளுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "தம்பி, நான் தப்புப் பண்ணிட்டேன்னுல்லா இவ்வளவு நேரமும் சொல்லுதேன்."

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். மருந்து நமத்துப் போச்சுன்னு நீங்க சொல்லியிருந்தா நாகராஜு இந்நேரம் ஆஸ்பத்திரில கெடப்பான். லைசென்ஸ்ல பேர் இருக்கவன் கண்ண வைக்கப் போனான். பேர் இல்லாதவங்க தடுத்தீங்க. வாப்பா எழுதுனது தப்பு அக்கா, நான் அத மாத்திட்டு இருக்கேன். பேரச் சொல்லுங்க, பேனா காஞ்சிரும்."

முத்துமாரி எழுந்து நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை, சந்தோஷமாக இருந்தது.

"சொரிமுத்து" என்றாள்.

"கேக்கல, நெட்வொர்க் கட்டாவுது. சத்தமாச் சொல்லுங்க."

அவள் சத்தமாகச் சொன்னாள். குவாரியில் எண்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.